நாலாம் மாடி வீடு, பிப்ரவரிக்கு

"மார்ச்சுக்கு அந்த வீட்ட நான் யாருக்கும் குடுக்கல," என்றார் ஹாலிஸ். "வாடகையப் பத்திப் பேச்சே இல்ல. இன்னும் ஒரு மாசம் இருங்களேன்."

"ஐயோ, வேண்டாம். எதுக்கு உங்களுக்கு வீண் சிரமம்?" என்றாள் மார்லிஸ்.

"சரிங்க மேடம்."

அவ்வளவுதான் பேசினார்கள். பிப்ரவரியின் கடைசி நாள். கட்டடத்தைத் தாங்கும் தூண்களுக்கு நடுவே, கார்கள் நிற்கும் நிழலில், ஹாலிஸ் வீம்ஸ் ஒரு கையில் அவளுடைய பெட்டியும் இன்னொரு கையில் தன் தொப்பியுமாக நின்றிருந்தார். மார்லிஸ் காத்திருந்தாள். அவர் பெட்டியைக் காரின் பின்புறம் வைத்து, முட்டை வைத்த கூடையை மூடுவதுபோல மெதுவாக மூடினார். அவள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். அப்போதும் காத்திருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் சிநேகிதி ஜாய்ஸ் பொறுமை இழந்து ஹாரனை ஒரு தட்டுத் தட்டினாள்.

"பத்திரமா போங்க," என்றார் ஹாலிஸ்.

டென்னஸி எல்லை வரும்வரை மார்லிஸ் வாயே திறக்கவில்லை. முந்தின நாள் சாப்பிட்ட இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஜாய்ஸ் நினைத்துக்கொண்டாள்.

மார்லிஸின் ஊரான ஃபெர்கஸ் ஃபால்ஸில் முதல் 'வேண்டாம்' பதில் ஆகாது, அது மரியாதை. காபி குடிக்கிறீர்களா என்றால் வேண்டாம் என்பார்கள். சூடாகத்தான் இருக்கிறது என்றால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் முறை கேட்டால், சரி, அரைக் கோப்பை போதும் என்று சொல்லி இரண்டு கோப்பை குடிப்பார்கள். அவள் கணவர் ஆர்டன் அவளிடம் கல்யாணப் பேச்சு எடுத்ததும் அப்படித்தான். பக்கத்து ஊர்க்காரர், விவரம் தெரிந்தவர். ஏரிக்கரையில் காரை நிறுத்தி, "கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார். "என்னவிட நல்ல பொண்ணு கிடைப்பாளே," என்றாள் அவள். "தேடிப் பாத்தாச்சு. பண்ணிக்கலாமா?" "உங்கம்மா என்ன சொல்வாங்களோ." ஆர்டன் காரைக் கிளப்பி, கொஞ்ச தூரம் ஓட்டி, ஒரு மரத்தடியில் மறுபடி நிறுத்தி, மூன்றாம் முறை கேட்டார். அந்தக் கல்யாணம் அவர் மூச்சு நிற்கும்வரை நன்றாகவே நடந்தது.

அவர் போன பிறகுதான் ஜாய்ஸ் அவளைத் தெற்கே இழுத்துக்கொண்டு போனாள். மினசோட்டாவில் ஏரிகள் பாறையாக உறைந்து கிடக்கும் மாதத்தில், அலபாமாவின் கடற்கரை ஊரான கல்ஃப் ஷோர்ஸில், கடலைப் பார்த்த நாலாம் மாடி வீடு ஒன்று. முதல் வருடம் அதன் சமையலறைக் குழாய் ஒழுகியது. வீட்டை வாடகைக்கு விட்ட ஹாலிஸே ஸ்பேனரோடு வந்தார். மணல் ஒட்டிய காலணிகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, ஒரு காகிதப் பை நிறைய வேகவைத்த வேர்க்கடலையை மேஜைமேல் வைத்தார். வறுத்த கடலையைத் தவிர வேறெதுவும் அறியாத மார்லிஸ், ஓட்டோடு ஒன்றை வாயில் போட்டு மென்றாள். ஹாலிஸ் சிரிக்கவில்லை. கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

இரண்டாம் வருடம் குழாய் ஒழுகவில்லை. ஆனாலும் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தார். மூன்றாம் வருடம் அந்தச் சாக்குகூட இல்லாமல், மாலை ஆனால் பால்கனியில் அவருக்கென்று ஒரு நாற்காலி கிடந்தது. ஜாய்ஸ் உள்ளே டிவி பார்ப்பாள். "இன்னைக்கு உங்க ஊர்ல எவ்வளவு குளிரு?" என்று கேட்பார். "மைனஸ் இருபது," என்பாள். "ஆண்டவா!" என்பார், ஒவ்வொரு நாளும் முதல்முறையாகக் கேட்பதுபோல. மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஆர்டனுக்குப் பிறகு, பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது.

அந்த மூன்றாம் பிப்ரவரியின் கடைசி நாளில்தான் அவர் இருக்கச் சொன்னதும், அவள் வேண்டாம் என்றதும். அதனால்தான் அந்த மாலைகள் இப்போதும் வலித்தன. பழைய விருந்தினர்கள் எல்லோருக்கும் செப்டம்பரில் ஹாலிஸ் அனுப்பும் அச்சடித்த தபால் அட்டை அந்த வருடமும் வந்தது: அதே வீடு, அதே மாதமா? அடியில் கையால் எழுதிய வரி ஏதாவது இருக்கிறதா என்று மார்லிஸ் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். இல்லை. மனம் மாறிவிட்டார்போல, என்று நினைத்துக்கொண்டாள். பதில் போடவில்லை. ஜாய்ஸ் தன் மகனோடு இருக்க ஃபார்கோவுக்குப் போய்விட்டாள். இரண்டு குளிர்காலங்கள் மார்லிஸ் ஜன்னலுக்குப் பின்னால் கழித்தாள்.

மூன்றாவதும் அப்படியே போயிருக்கும், மகள் கிரெட்டா மட்டும் சும்மா இருந்திருந்தால்.

கிரெட்டா பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் இருந்தாள். அவளோடு வேலை பார்த்த ப்ரெண்டா போன வசந்தத்தில் கடற்கரை வீட்டுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டுக் குடும்பத்தோடு போய் இறங்கினால், அந்த முகவரியில் கார் கழுவும் கடை இருந்தது. அன்றிலிருந்து கிரெட்டாவுக்கு வாடகைக் கம்பெனிகள் எல்லாமே திருடர்கள்தான். அம்மாவை இந்த பிப்ரவரியில் எப்படியும் வெயிலுக்கு அனுப்பிவிடுவது என்றும், விசாரிக்காமல் அனுப்புவதில்லை என்றும் ஒரே மூச்சில் முடிவு செய்திருந்தாள்.

நவம்பர் சனிக்கிழமை காலை. வெளியே முதல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் சமையலறை மேஜையில் கிரெட்டா லேப்டாப்பை விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில், அவள் செய்து கொண்டுவந்த எலுமிச்சை கேக் துண்டுகள் இருந்த தட்டில் ஒன்றுதான் மிச்சம்.

"எடுத்துக்கோம்மா."

"வேண்டாம், நீ சாப்பிடு."

"நான் மூணு தின்னாச்சு. எடு."

"எனக்கெதுக்குடி."

"அம்மா!"

"சரி, பாதி போதும்." மார்லிஸ் கத்தியை எடுத்துச் சரிபாதியாக வெட்டினாள். பிறகு, போகிற போக்கில், மிச்சப் பாதியிலும் பாதி.

கிரெட்டா திரையைக் காட்டினாள். "இந்தக் கம்பெனிய லிஸ்ட்லேருந்து அடிச்சாச்சு. ராத்திரி தண்ணி ஹீட்டர் கெட்டுப்போனா யார் வருவீங்கன்னு கேட்டேன். ஆப்ல புகார் போடணுமாம். இது ரெண்டாவது. பால்கனி படத்தப் பாரு. இதே பால்கனி இன்னொரு கம்பெனியோட பக்கத்துலயும் இருக்கு, இடது வலது மாத்தி. திருட்டுப் பசங்க."

"ம்."

"நீயும் ஜாய்ஸும் போன இடம் எது? அதையும் பாத்துடறேன்."

ஒரு வாரமாக மார்லிஸ் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். "வீம்ஸுன்னு ஒருத்தரோட கம்பெனி. எல்லாம் ஜாய்ஸ்தான் பாத்தா. உனக்கு நேரம் இருந்தா பாரு."

"எப்படி இருந்துச்சு?"

"மோசமில்ல."

கிரெட்டா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் வாயிலிருந்து 'மோசமில்ல' கடைசியாக வந்தது பேரன் பிறந்தபோது.

கொஞ்ச நேரம் விசைகள் தட்டப்படும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கிரெட்டா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "அம்மா, இந்த ஆளுக்கு வெப்சைட்டுன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதுல ஒரே ஒரு படம், ஒரு ஃபோன் நம்பர். தங்கினவங்க யாரும் ஒரு வரி எழுதல. பணத்துக்கு செக்தான் வாங்குவாராம். செக்! முகவரியப் போட்டுத் தெருவப் பாத்தா தூண்டிலுக்குப் புழு விக்கற கடை வருது. ப்ரெண்டாவுக்காவது கார் கழுவற இடம் கிடைச்சுது."

"கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு. அங்கதான் சாவி தருவாரு."

"எல்லாம் ஜாய்ஸ் பாத்தான்னு சொன்ன?"

"சாவி வாங்க நான் போனேன்." மார்லிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "புழு இல்ல. இறா."

"இல்லம்மா, இது சரிப்படாது. என் கேள்வி எதுலயும் இவரு தேற மாட்டாரு. விட்டுடலாம்."

மார்லிஸின் கைகள் தண்ணீருக்குள் அப்படியே நின்றன. விடாதே என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை வாழ்நாளில் அவள் யாரிடமும் சொன்னதில்லை. விட்டால் இந்த பிப்ரவரியும் போய்விடும், அதற்கடுத்ததும். எங்கோ ஃப்ளோரிடாவில், ஆப் வைத்த கம்பெனியின் சுத்தமான பால்கனியில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

"ஃபோன் பண்ணிக் கேட்டுட்டு விடலாமே," என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "பாவம், ஒரு வார்த்தகூடக் கேக்காம..."

கிரெட்டா தோளைக் குலுக்கிக்கொண்டு எண்களை அழுத்தினாள். போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"வீம்ஸ் பேசறேங்க."

அதே குரல். அவசரமே தெரியாத குரல். மார்லிஸ் துண்டை எடுத்து, ஈரமே இல்லாத இடத்தைத் துடைத்தாள்.

"நான் வடக்கேருந்து பேசறேன். எங்கம்மாவுக்கு பிப்ரவரிக்கு வீடு வேணும். ஆனா முதல்ல கொஞ்சம் விசாரிக்கணும். பேர் ஊரெல்லாம் அப்புறம் சொல்றேன்."

"நல்ல பழக்கம் மேடம். எத வேணும்னாலும் கேளுங்க."

தன்னை மட்டும்தான் அவர் மேடம் என்பதாக மார்லிஸ் நினைத்திருந்தாள். சின்னதாக ஏதோ சுருக்கென்றது.

"ராத்திரி தண்ணி ஹீட்டர் கெட்டா யார் வருவாங்க?"

"நான்."

"உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா?"

"அப்பவும் நான்தான். கொஞ்சம் மெதுவா வருவேன்."

"வெப்சைட் படத்துல இருக்கற சோபா எந்தக் காலத்துது?"

"அந்த சோபா செத்துப்போச்சு மேடம். இப்ப இருக்கறது பாக்க அதைவிட அசிங்கம். ஆனா உக்காந்தா எந்திரிக்க மனசு வராது."

கிரெட்டாவின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு. திங்கக்கிழமையானா கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

"வாசல்ல உங்க ஆபீஸ் போர்டே இல்லையே. புழு கடைதான் தெரியுது."

"இறா மேடம். கடை என் தம்பியோடது. போர்டு போன புயல்ல மெக்ஸிகோவுக்குப் போச்சு. திரும்பி வரும்னு பாத்துட்டிருக்கேன்."

இப்போது கிரெட்டாவால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். மார்லிஸ் அடுப்போரமாக நின்று, அந்தச் சிரிப்பைக் கேட்டு, இரண்டு வருடத்தில் முதல்முறையாக நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள்.

"சரி, மிஸ்டர் வீம்ஸ். அந்தப் படத்துல இருக்கே, நாலாம் மாடி, கடலோரம். அது பிப்ரவரிக்குக் காலியா?"

இணைப்பு இருக்கிறதா என்று கிரெட்டா போனைக் குனிந்து பார்த்தாள்.

"ஹலோ?"

"இருக்கேன் மேடம். அந்த வீட்ட பிப்ரவரில குடுக்கறதில்ல. மூணாம் மாடில ஒண்ணு இருக்கு. அதுலயும் கடல் தெரியும். கழுத்தக் கொஞ்சம் நீட்டணும்."

கிரெட்டாவின் முகம் மாறியது. ப்ரெண்டாவுக்கு நடந்தது எல்லாம் அவள் கண்முன் வந்திருக்க வேண்டும். "ஏன் குடுக்கறதில்ல?"

"ஒருத்தங்களுக்காக வச்சிருக்கேன்."

"அவங்க பதிவு பண்ணிட்டாங்களா?"

"இல்ல."

"முன்பணம்?"

"இல்ல மேடம்."

"போன பிப்ரவரிக்கு வந்தாங்களா?"

"வரல. அதுக்கு முந்தின பிப்ரவரிக்கும் வரல."

"அப்ப வராத ஒருத்தங்களுக்காக உங்ககிட்ட இருக்கறதுலயே நல்ல வீட்டப் பூட்டி வச்சிருக்கீங்க. இத நான் நம்பணும். மிஸ்டர் வீம்ஸ், படத்துல ஒண்ணக் காட்டி கையில இன்னொண்ணத் தர்றது யார் வேலைன்னு எனக்குத் தெரியும்."

"நீங்க அப்படி நினைக்கறது நியாயம்தான்," என்றார் ஹாலிஸ். குரலில் கோபம் இல்லை. "யாராவது என்கிட்ட சொன்னா நானும் நம்ப மாட்டேன்."

மார்லிஸ் அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கிரெட்டா அம்மாவைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அவங்க வர்றதில்ல?"

"என் தப்புதான்னு நினைக்கறேன். கிளம்பற அன்னைக்கு நான் ஒண்ணு கேட்டேன். அவங்களுக்கு அது சங்கடமாப் போச்சுபோல."

"என்ன கேட்டீங்க?" கிரெட்டாவின் குரல் இறுகியது. "எங்கம்மா அங்க தனியா தங்கப்போறாங்க. அப்பா இல்ல. தனியா வந்த பொம்பளகிட்ட நீங்க என்ன கேட்டீங்கன்னு எனக்குத் தெரியணும். இத மழுப்பினீங்கன்னா நான் இப்பவே வச்சுடுவேன்."

"மழுப்ப மாட்டேன். கேக்க வேண்டிய கேள்விதான்." நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது, அவர் எழுந்து நின்றிருக்க வேண்டும். "இன்னும் ஒரு மாசம் இருங்கன்னு கேட்டேன் மேடம். வாடகைக்கு இல்ல. சாயங்காலம் நாங்க அந்த பால்கனில உக்காந்திருப்போம். பெரிசா ஒண்ணும் பேச மாட்டோம். அவங்க ஊர்ல எவ்வளவு குளிருன்னு சொல்வாங்க, நான் பயப்படுவேன். அது பிப்ரவரியோட முடிஞ்சுடக் கூடாதுன்னு எனக்குத் தோணுச்சு. அதான் கேட்டேன்."

"அவங்க?"

"வேண்டாம்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. பெட்டியக் கார்ல வச்சேன்."

கிரெட்டா புருவத்தைச் சுருக்கினாள். அவளுக்கு ஏதோ ஒன்று பொருந்தவில்லை. ஊர்ப் புத்தி அவளுக்கும் இருந்தது. "எத்தன தடவ கேட்டீங்க?"

"புரியல மேடம்."

"இருங்கன்னு எத்தன தடவ கேட்டீங்க?"

"ஒரு தடவதான். ஒரு பொம்பள வேண்டாம்னு சொன்னப்புறம் மறுபடி கேட்டேன்னா, எங்கம்மா கல்லறைலேருந்து எந்திரிச்சு வந்து என் காதத் திருகுவாங்க. அப்படித்தான் எங்கள வளத்தாங்க. வேண்டாம்னா வேண்டாம்தான். அவங்க மனசு மாறினா வரட்டும்னு வீட்ட மட்டும் வச்சிருக்கேன். அதுக்கு நான் யாரையும் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல பாருங்க."

"ஒரு தடவ," என்றாள் கிரெட்டா. அவள் கண்கள் மெல்லத் திரும்பின. முதலில் தட்டில் கிடந்த எலுமிச்சை கேக்கின் கால்வாசிக்கு. பிறகு அடுப்போரமாக நின்ற அம்மாவிடம். துண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த அம்மாவின் முகத்தில் என்ன இருந்ததோ, கிரெட்டாவின் வாய் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. "அவங்களுக்கு எந்த ஊர், மிஸ்டர் வீம்ஸ்?"

"மினசோட்டா. ஃபெர்கஸ் ஃபால்ஸுன்னு ஒரு ஊர். மார்லிஸுன்னு பேரு." மேடம் என்று அவர் சேர்க்கவில்லை. அந்தப் பெயரைத் தனியாக, பக்கத்தில் எதுவும் வைக்காமல் சொன்னார்.

கிரெட்டா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "அம்மா," என்றாள் தாழ்ந்த குரலில். "ரெண்டு வருஷமா? இதுக்குத்தானா நீ ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருந்த? அப்பாவ நினச்சுட்டிருக்கன்னு நாங்கல்லாம்..."

"அப்பாவையும்தான்டி நினைச்சேன்."

"பேசு."

"வேண்டாம்."

"பேசும்மா." கிரெட்டா போனை மேஜையின் ஓரம்வரை தள்ளினாள். அவள் கண்கள் நனைந்திருந்தன. சிரித்துக்கொண்டும் இருந்தாள். "அவரு புழு கடைலதான் இருக்காரு, ஓடிப்போகல."

மூன்றாம் முறை கேட்கட்டும் என்று பழக்கத்தில் மார்லிஸின் கால்கள் நின்றன. போனிலிருந்து கடற்பறவை ஒன்றின் சத்தம் வந்தது. கடையின் பின்கதவு திறந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கதவுக்கு வெளியே இரண்டு பழைய வலைகள் காய்ந்துகொண்டிருக்கும். அவர் அங்கே நின்று காத்திருப்பார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை பிப்ரவரிகள் வேண்டுமானாலும். ஆனால் இன்னொரு முறை கேட்க மாட்டார். அவர் அம்மா அப்படி வளர்த்துவிட்டாள்.

மார்லிஸ் துண்டைக் கீழே வைத்தாள். மேஜைக்கு வந்து, நாற்காலியை இழுத்து, போனின் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஹாலிஸ்," என்றாள். "நான் மார்லிஸ். இவ என் பொண்ணு. உங்கள ரொம்பப் படுத்திட்டா."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உருண்டது. பிறகு, "மேடம்," என்றார் அவர். "அங்க... இன்னைக்கு எவ்வளவு குளிரு?"

"பனி கொட்டுது. இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

"ஆண்டவா!"

அவள் சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொல்லையின் வேலியை மூடிக்கொண்டிருந்தது. கிரெட்டா நகராமல், மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வானிலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசலாம். ஜாய்ஸைப் பற்றிச் சொல்லலாம். செத்துப்போன சோபாவைப் பற்றி விசாரிக்கலாம். மார்லிஸ் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டாள்.

"ஹாலிஸ்," என்றாள். "நான் மார்ச்சும் அங்கயே இருக்கணும்னு ஆசப்படறேன். இருக்கலாமா?"